ஒரே ஃபேடர் இரண்டு இடத்தில் வேலை செய்கிறதா? மிடி கன்ட்ரோலரைப் பிரித்து மேப் செய்யும் முறை

கேள்வி: என்னிடம் 8 நாப் (திருகு), 8 ஃபேடர் (மேலும் கீழும் நகர்த்தும் தள்ளுகோல்) உள்ள மிடி கீபோர்டு (கணினி இசை மென்பொருளுக்குக் கட்டளை அனுப்புவது) இருக்கிறது. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் ஃபேடர்களை மிக்சருக்கும் நாப்களை சிந்த் பிளகினுக்கும் (மென்பொருளுக்குள் ஓடும் சிந்தசைசர்) 'லேர்ன்' செய்து, அதாவது எது எதை இயக்க வேண்டும் என்று பழக்கி வைத்தேன். முதல் ஃபேடரை ஏற்றினால் முதல் டிராக்கின் வால்யூமோடு சேர்ந்து, அப்போது வாசித்துக்கொண்டிருக்கும் சிந்த்தின் சத்தமும் கூடுகிறது. வேறு டிராக்குக்குப் போனாலும் நாப்கள் பழைய சிந்த்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு, ஃபேடரைத் தொட்டாலே சத்தம் எகிறுகிறது. கீபோர்டில் கோளாறா?

பதில்: கீபோர்டில் கோளாறு இல்லை. நீங்கள் சொன்ன மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். மூன்றையும் ஒரே மாலையில் சரிசெய்துவிடலாம்.

முதலாவதுதான் பலரையும் குழப்புவது. ஒரு ஃபேடரை நகர்த்தும்போது கணினிக்குப் போவது மூன்றே எண்கள்: எந்தச் சேனல் (1 முதல் 16), எந்த சிசி எண் (கன்ட்ரோல் சேஞ்ச், அதாவது எந்த வகைக் கட்டளை; 0 முதல் 127), என்ன மதிப்பு (அதுவும் 0 முதல் 127). இது மிக்சருக்கா சிந்த்துக்கா என்ற தகவல் அதில் கிடையாது. அந்தச் செய்தி மென்பொருளுக்குள் நுழைந்ததும் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, நீங்கள் லேர்ன் செய்த இடத்துக்கு. இன்னொன்று, ரெக்கார்டுக்குத் தயாராக இருக்கும் டிராக்கின் வழியாக நேராக சிந்த்துக்கு. 1983-இல் வந்த மிடி தரத்தில் சிசி 7 என்பது வால்யூம். அதனால் நிறைய சிந்த்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே 7-க்குக் கீழ்ப்படியும். உங்கள் முதல் ஃபேடர் பெரும்பாலும் 7-ஐத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும்.

கீபோர்டோடு வந்த எடிட்டர் மென்பொருளைத் திறந்து எண்களை மாற்றுங்கள். 20 முதல் 31 வரையும் 102 முதல் 119 வரையும் தரத்தில் எந்த வேலையும் ஒதுக்கப்படாத எண்கள். நாப்களுக்கு 20–27, ஃபேடர்களுக்கு 102–109 என்று வைத்துக்கொள்ளலாம். 64 என்ற எண்ணின் பக்கம் போகாதீர்கள். அது சஸ்டெயின் பெடலுக்கானது, தவறிப் போனால் ஸ்வரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். 120-உம் அதற்கு மேலும் வேண்டாம், அவை எல்லா ஸ்வரங்களையும் நிறுத்துவது போன்ற கட்டளைகளுக்கானவை.

அதோடு சேனலையும் பிரித்துவிடுங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இதற்குப் பிறகு இந்தச் சிக்கல் திரும்பி வருவதில்லை. கட்டைகள், பிட்ச் வீல், மாட்யுலேஷன் வீல், பெடல் எல்லாம் சேனல் 1; நாப்களும் ஃபேடர்களும் சேனல் 16. டிராக்கின் மிடி உள்ளீட்டில் 'எல்லாச் சேனல்களும்' என்பதை விட்டு சேனல் 1-ஐ மட்டும் தேர்ந்தெடுங்கள். இனி ஃபேடர் செய்தி சிந்த்தை எட்டாது, ரெக்கார்டிலும் பதியாது. பழைய லேர்ன்களை மட்டும் ஒருமுறை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் கீபோர்டில் மேக்கி கன்ட்ரோல் மோடு (மிக்சரை இயக்குவதற்கென்றே உள்ள முறை) இருந்து அதைப் பயன்படுத்தினால் கவனிக்க வேண்டியது வேறு. அதில் ஃபேடர்கள் சிசி அனுப்புவதில்லை, பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும்) செய்தியாகவே அனுப்புகின்றன. அதற்குரிய போர்ட்டைச் சாதாரண மிடி உள்ளீடாகவும் திறந்து வைத்திருந்தால், ஃபேடரை நகர்த்தும்போது சுருதி வளையும். அந்தப் போர்ட்டை கன்ட்ரோல் சர்ஃபேஸுக்கு (மிக்சரை இயக்கும் கருவிக்கான அமைப்பு) மட்டும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, டிராக் மாறினாலும் நாப் மாறாதது. ரீப்பரில் ஒரு பிளகினுக்கு லேர்ன் செய்தால் அது அந்த டிராக்கில் உள்ள அந்த ஒரு பிளகினோடு கட்டப்பட்டுவிடும். ஆனால் அதே லேர்ன் பெட்டியில் இரண்டு டிக் பெட்டிகள் இருக்கின்றன: டிராக் தேர்வில் இருந்தால் மட்டும் வேலை செய், பிளகின் ஜன்னல் முன்னால் இருந்தால் மட்டும் வேலை செய். சிந்த்களுக்கு முதலாவதைப் போடுங்கள். ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்துவது) போன்றவற்றுக்கு இரண்டாவது வசதி, ஒரே டிராக்கில் இவை நான்கைந்து அடுக்கியிருக்கும் அல்லவா. இப்போது அதே 8 நாப்கள் எத்தனை பிளகினுக்கும் போதும். எந்தப் பிளகினாக இருந்தாலும் ஒரே வகை வேலை ஒரே நாப்பில் இருக்கட்டும். என் நான்காவது நாப் எப்போதும் ஃபில்டர் கட்ஆஃப்தான். திரையைப் பார்க்காமலே கை அங்கே போகிறது.

மிக்சர் இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். நீங்கள் எங்கே இருந்தாலும் அந்த ஃபேடர் அதே இடத்தையே பிடித்திருக்க வேண்டும். ரீப்பரின் ஆக்‌ஷன் பட்டியலில் (கட்டளைகளை ஃபேடரோடு இணைக்கும் இடம்) வால்யூம் கட்டளைகள் டிராக்கின் பெயரைப் பார்ப்பதில்லை, வரிசை எண்ணைத்தான் பார்க்கின்றன. மேலே புதிதாக ஒரு டிராக் சேர்த்தால் எல்லா ஃபேடரும் ஒரு இடம் தள்ளிப்போகும். அதனால் டிரம்ஸ், பேஸ், குரல், எதிரொலி என்று 8 பஸ்களை (பல டிராக்குகளின் சத்தம் ஒன்றுசேரும் டிராக்) முதல் 8 டிராக்காக மேலேயே வைத்து, ஃபேடர்களை அவற்றுக்குக் கொடுங்கள். 40 டிராக்கில் முதல் எட்டை மட்டும் கையில் பிடித்திருப்பதைவிட, முழுப் பாட்டும் உங்கள் விரலடியில் இருப்பது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, எகிறல். திரையில் ஃபேடர் பாதியில் இருக்கிறது, கையில் உள்ளது உச்சியில் இருக்கிறது. தொட்டதும் மென்பொருள் கையில் உள்ள மதிப்புக்குத் தாவுகிறது. 'சாஃப்ட் டேக்ஓவர்' என்பதை டிக் செய்யுங்கள். கையில் உள்ள ஃபேடர் திரையில் உள்ள இடத்தைக் கடக்கும்வரை ஒன்றும் நடக்காது, கடந்ததும் பிடித்துக்கொள்ளும். ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு மென்பொருளில் இதற்கு 'பிக்கப்' என்று பெயர். முதல் சில நாட்கள் ஃபேடர் செத்துவிட்டதோ என்று தோன்றும். கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், உயிர் வந்துவிடும்.

உங்கள் நாப்கள் முடிவில்லாமல் சுற்றும் வகை என்றால் இன்னும் நல்லது. அவற்றை ரிலேடிவ் மோடில் (இருக்கும் இடத்தை அல்ல, எந்தப் பக்கம் எவ்வளவு திருகினீர்கள் என்பதை மட்டும் அனுப்பும் முறை) வைத்தால் எகிறல் என்ற பேச்சே இல்லை. ரீப்பரில் மூன்று ரிலேடிவ் வகைகள் உண்டு. ஏற்றத்துக்கு 1, இறக்கத்துக்கு 127 அனுப்பும் நாப்புக்கு முதல் வகை. 65, 63 அனுப்பினால் இரண்டாவது. 1, 65 அனுப்பினால் மூன்றாவது. தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் பக்கம் திருகினாலும் ஒரே பக்கம் போகும், அல்லது ஓரமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது அடுத்த வகையை முயலுங்கள்.

ஒரு எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண சிசியில் 128 படிகள்தான். 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும் ஈக்யூவில் ஒரு படி ஏறக்குறைய ஒரு செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) வரும். பரவலான ஈக்யூவுக்கு அது போதும். ஒரு குறுகிய இரைச்சலைத் துல்லியமாக வெட்ட வேண்டுமானால் மவுஸையே எடுங்கள்.

ஆக்‌ஷன் பட்டியலில் செய்த மிக்சர் மேப்பிங் எல்லா ப்ராஜெக்ட்டிலும் இருக்கும். பிளகினுக்குச் செய்த லேர்ன் அந்த ப்ராஜெக்ட்டோடு நின்றுவிடும். ஆகவே சிந்த்தை மேப் செய்து முடித்ததும் அந்த டிராக்கை டிராக் டெம்ப்ளேட்டாக (மறுபடி பயன்படுத்தும் மாதிரியாக) சேமித்துவிடுங்கள். அடுத்த பாட்டுக்கு அதிலிருந்தே அதைத் திறக்கலாம்.