கட்டளை போனதா, வேலை நடந்ததா?

தொழிற்சாலைத் தானியக்கம் குறித்து வாசகர்கள் அனுப்பியவற்றிலிருந்து இம்மாதம் நான்கு கேள்விகள்.

கேள்வி: ஜிக்கில் (பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் அமைப்பு) பாகம் வந்து அமர்ந்ததைக் காட்டும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் (பொருள் அருகே வந்ததைத் தொடாமலே உணரும் கருவி), இரும்புப் பாகத்துக்கு ஒழுங்காக வேலை செய்தது. இப்போது அதே அளவில் அலுமினியப் பாகம் வருகிறது. சென்சார் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கெட்டுவிட்டதா?
– பட்டறை உரிமையாளர், கோவை

பதில்: புதிது வாங்குவதற்கு முன் ஒரு திருப்புளியின் இரும்பு முனையை அதன் முகப்பருகே காட்டிப் பாருங்கள். அதிலுள்ள விளக்கு எரிந்தால் சென்சாரில் குறையில்லை. உங்களிடம் இருப்பது இண்டக்டிவ் வகை. அதன் முகப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள், வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை எழுப்புகிறது. உலோகம் அருகே வந்தால் அதனுள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுருளின் அலைவிலிருந்து ஆற்றலை இழுத்துக்கொள்ள, அலைவு தளர்ந்ததை வைத்துச் சென்சார் தன் வெளியீட்டை மாற்றுகிறது. அட்டவணையில் அச்சிட்டிருக்கும் உணரும் தூரம் மைல்டு ஸ்டீலுக்கு (சாதாரண மென் எஃகு) மட்டுமே உரியது. மின்சாரத்தை எளிதில் கடத்தும் அலுமினியத்தில் இந்த இழப்பு குறைவு என்பதால், தூரம் ஏறத்தாழ 0.4 மடங்காகச் சுருங்கிவிடும். 18 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தூரமும் உள்ள சென்சார், அலுமினியத்தை 2 மி.மீ. அளவில்தான் உணரும், வெப்பநிலை மாற்றத்துக்கும் இடம் விட்டு 1.5 மி.மீ. என்றே கணக்கு வையுங்கள். அவ்வளவு நெருக்கத்தில் வைக்கும்போது பாகம் நேரே வந்து முகப்பில் இடிக்காதபடி, பக்கவாட்டில் பொருத்துவது நல்லது. இரண்டு உலோகமும் மாறி மாறி வருமென்றால், எல்லா உலோகத்துக்கும் ஒரே தூரம் தரும் வகையும் கடையில் உண்டு. விலை மட்டும் கூடுதல்.

கேள்வி: அளவீட்டுக் கருவிகளின் சமிக்ஞை ஏன் 4 மில்லி ஆம்பியரில் தொடங்குகிறது? பூஜ்யத்தில் தொடங்கினால் கணக்கு எளிதாயிற்றே?
– பாலிடெக்னிக் மாணவி, சேலம்

பதில்: கணக்கு எளிதாகும், ஆனால் தொட்டி நிரம்பி வழியும். நீர்மட்டத்தை 0 முதல் 20 மில்லி ஆம்பியராக அனுப்பும் கருவியின் கம்பியை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் மின்னோட்டம் பூஜ்யம். தொட்டி காலி என்று அதைப் பொருள்கொள்ளும் பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), பம்பை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். 4 முதல் 20 வரை என்று வைத்தால் காலித் தொட்டிக்கு 4, பாதிக்கு 12, நிறைந்ததற்கு 20. பூஜ்யம் வந்தால் அது நீர்மட்டம் அன்று, கம்பிக் கோளாறு. அந்த 4 மில்லி ஆம்பியரிலேயே கருவி தன் உயிர்ப்புக்கு வேண்டிய மின்சாரத்தையும் எடுத்துக்கொள்வதால், பல கருவிகளுக்கு இரண்டு கம்பியே போதுமானதாக இருக்கிறது. பழைய காற்றழுத்தக் கருவிகளும் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை என்று இதே விகிதத்தில்தான் இயங்கின. ஒரு வருத்தம்: 4-க்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் சதவீதம் என்று புரோகிராமில் எழுதிவிட்டு, இந்த ஏற்பாட்டின் பயனையே சிலர் தொலைத்துவிடுகிறார்கள். 3.6-க்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும்படி ஒரு வரி எழுதுவது பெரிய வேலையன்று.

கேள்வி: சோலினாய்டு வால்வுக்கு (மின்காந்தச் சுருளால் இயங்கும் வால்வு) பி.எல்.சி. மின்சாரம் கொடுத்தால், காற்றழுத்தத்தில் இயங்கும் சிலிண்டர் நகரத்தானே போகிறது? அது நகர்ந்ததைப் பார்க்கத் தனியாகச் சென்சார் வைப்பது வீண்செலவு என்கிறார் எங்கள் மேலாளர்.
– பராமரிப்புப் பணியாளர், ஓசூர்

பதில்: உங்கள் மேலாளர் 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நடந்ததைப் படிக்க வேண்டும். அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் தானே திறந்த ஒரு வால்வு, மூடிக்கொள்ள வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ, அந்த வால்வின் சோலினாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே காட்டியது. மின்சாரம் நின்றதும் விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் குளிர்விக்கும் நீர் அவ்வழியே வெளியேறியது; அணு உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது. விபத்து பெரிதானதற்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும், கட்டளை போனதைக் காட்டிய விளக்கை வேலை நடந்ததைக் காட்டும் விளக்காக எடுத்துக்கொண்டது அவற்றுள் முக்கியமானது.

உங்கள் ஆலையில் காற்றுக் குழாய் கழன்றிருக்கலாம். வால்வின் உள்ளே நகர்ந்து காற்றின் வழியை மாற்றும் ஸ்பூல் பிசுக்கேறி ஒட்டியிருக்கலாம். சிலிண்டரின் இரு முனையிலும், பிஸ்டனில் உள்ள காந்தத்தை உணரும் ரீட் ஸ்விட்ச்சை மாட்டுங்கள். கட்டளை கொடுத்து 2 நொடிக்குள் மறுமுனை ஸ்விட்ச் எரியாவிட்டால் இயந்திரம் நிற்க வேண்டும். கிளம்பிய முனையின் ஸ்விட்ச் அணைந்ததா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடர்முனைகள் ஒட்டிப்போன ஸ்விட்ச் எப்போதும் 'வந்துவிட்டேன்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இவ்வளவு செய்தாலும் தெரிவது பிஸ்டனின் இருப்பிடம் மட்டுமே. பிஸ்டன் தண்டுக்கும், பாகத்தைப் பிடிக்கும் கிளாம்புக்கும் இடையிலுள்ள பின் முறிந்திருந்தால் பிஸ்டன் மட்டும் போய்வரும், பாகம் பிடிபடாது. கையோ கருவியோ சிக்கும் இடமென்றால், சென்சாரைக் கிளாம்பின் மேலேயே வையுங்கள்.

கேள்வி: காற்றழுத்தம் முழுவதும் போய்விட்டால் கட்டுப்பாட்டு வால்வு திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: குழாயில் ஓடுவது எது என்பதைப் பொறுத்தது. பாய்லருக்கு எரிபொருள் போகும் வால்வை அதன் ஸ்பிரிங் மூட வேண்டும். உலைக்குக் குளிர்நீர் போகும் வால்வை அதன் ஸ்பிரிங் திறக்க வேண்டும். இதை வாங்கும்போதே எழுத்தில் குறிப்பிடுங்கள். பழையது பழுதாகி அவசரத்தில் ஸ்டோரிலிருந்து எடுத்து மாட்டும் வால்வு, பார்வைக்கு ஒரேமாதிரி இருந்தும் நேரெதிராக இயங்குவதாக இருக்கலாம். மாட்டியதும், லைனைத் திறப்பதற்கு முன், காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டுத் தண்டு எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.