ஐ.எஸ்.எஸ்.என். இருந்தால் அது ஆய்விதழ்க் கட்டுரையா?

கேள்வி: மாநாட்டில் நான் வாசித்த கட்டுரை ஐ.எஸ்.எஸ்.என். எண்ணுள்ள தொகுப்பில் வெளிவந்திருக்கிறது. ஆண்டறிக்கைப் படிவத்தில் அதை ஆய்விதழ்க் கட்டுரை என்று பதியலாமா?

பதிய வேண்டாம். வன்னியில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் வேலை செய்கிறேன். விரிவுரையாளர்கள் தரும் வெளியீட்டுப் பட்டியலைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஆண்டுதோறும் அதிகமாகத் திருத்த நேர்வது இந்த ஒரு பிழையைத்தான்.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர்ந்து வெளிவரும் எதற்கும் கிடைக்கும் எட்டு இலக்க எண். செய்தித்தாளுக்கும் உண்டு, ஆண்டுமலருக்கும் உண்டு, ஆண்டுதோறும் வரும் மாநாட்டுத் தொகுப்புக்கும் உண்டு. உள்ளே இருக்கும் கட்டுரையை எவராவது மதிப்பாய்வு செய்தார்களா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. ஸ்பிரிங்கர் வெளியிடும் ‘லெக்சர் நோட்ஸ் இன் கம்ப்யூட்டர் சயன்ஸ்’ வரிசையைப் பாருங்கள். வரிசைக்கு ஐ.எஸ்.எஸ்.என்., ஒவ்வொரு தொகுதிக்கும் நூல்களுக்குரிய எண்ணான ஐ.எஸ்.பி.என். தனியாக. முதல் எண்ணைப் பார்ப்பவர் ஆய்விதழ் என்கிறார். இரண்டாவதைப் பார்ப்பவர் நூல் அத்தியாயம் என்கிறார். அந்தத் தொகுதிகளில் பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகளின் தொகுப்புகளே. ஆகவே எண்ணை விட்டுவிட்டு முன்னுரையைப் படியுங்கள். எந்த மாநாடு, எங்கே, எந்தத் தேதியில் நடந்தது என்று அங்கே இருந்தால் உங்கள் பிரிவு மாநாட்டுக் கட்டுரைதான்.

அதிலும் முழுக் கட்டுரையா, சுருக்கமா என்று பார்க்க வேண்டும். பாவற்குளத்தின் கீழுள்ள கிணறுகளின் நீரை ஆராய்ந்த விரிவுரையாளர் ஒருவர் தம் வெளியீட்டை ஆய்விதழ்க் கட்டுரை என்று எழுதித் தந்திருந்தார். புத்தகத்தை வாங்கி விரித்தேன். ஒரே பக்கம். தலைப்பு, பெயர்கள், ஒரு பந்தி, அடியில் ஐந்து திறவுச்சொற்கள். அட்டவணையும் இல்லை, உசாத்துணையும் இல்லை. அது ஆய்வுச் சுருக்கம். சிறுபோக வெயிலில் மோட்டார் சைக்கிளில் போத்தல்களைக் கட்டிக்கொண்டு அவர் அலைந்ததை நான் அறிவேன். அதைக் கீழ்ப்பிரிவுக்கு மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மாற்றினேன், ஏன் என்பதையும் அவரிடம் நேரில் சொன்னேன். அடுத்த ஆண்டு அதே ஆய்வு முழு வடிவில் ஓர் ஆய்விதழில் வந்தது. தலைப்பு ஏறக்குறைய அதுவே. முதல் பதிவு திருத்தப்படாமல் இருந்திருந்தால், ஒரே கட்டுரையை இரண்டு முறை காட்டியிருக்கிறார் என்ற சந்தேகம் அவர் மேல் விழுந்திருக்கும். இப்போது சுருக்கம் சுருக்கமாகவும் கட்டுரை கட்டுரையாகவும் தனித்தனியே நிற்கின்றன.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மாநாட்டில் வாசித்த கட்டுரைகளைத் தெரிந்தெடுத்து, மீண்டும் மதிப்பாய்வு செய்து, ஓர் ஆய்விதழ் தன் சிறப்பிதழாக வெளியிடலாம். அந்த ஆய்விதழின் தொகுதி எண்ணும் இதழ் எண்ணும் அதில் இருந்தால் அது ஆய்விதழ்க் கட்டுரையே. அதை மாநாட்டுப் பிரிவில் போட்டு உரிய மதிப்பை இழக்காதீர்கள்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு சிக்கல்: ‘ரிவியூ’ என்ற சொல். ஒரு நூலைப் படித்து எழுதுவது மதிப்புரை. ஒரு துறையில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்வது மீளாய்வுக் கட்டுரை. இரண்டையும் ஒரே பெயரில் தருகிறார்கள். பல படிவங்களில் இவை வெவ்வேறு பிரிவுகள்.

குளப் புனரமைப்பைப் பற்றி நாளிதழில் எழுதிய கட்டுரையும் கமநல சேவை நிலையத்துக்குக் கொடுத்த அறிக்கையும் ஆய்விதழ்ப் பிரிவில் சேரா. அதற்காக அவற்றை விட்டுவிடாதீர்கள். விவசாயியின் கைக்குப் போய்ச் சேர்ந்தவை அவைதான் என்பது என் எண்ணம். சமூகப் பங்களிப்பு, தொழில்நுட்ப அறிக்கை என்ற பிரிவுகள் படிவத்தில் இருந்தால் அங்கே தவறாமல் எழுதுங்கள்.

ஆண்டு விடயத்தில், இணையத்தில் முதலில் வந்த ஆண்டா, இதழ் அச்சான ஆண்டா என்பதை உங்கள் படிவத்தின் விதி சொல்லும். எதுவானாலும் ஒரே ஆண்டில்தான் காட்ட வேண்டும்.

வெளியான அன்றே அட்டை, உள்ளடக்கப் பக்கம், கட்டுரையின் முதற்பக்கம் மூன்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாநாட்டு இணையத்தளம் அடுத்த ஆண்டு திறக்கும் என்று நம்பியிருக்க முடியாது.