டம்பெல் புல்ஓவர் செய்வதில் பலன் உண்டா?

சேலத்தில் கேபிள் மெஷின் (கம்பியை இழுத்துப் பயிற்சி செய்யும் கருவி) இல்லாத சின்ன ஜிம்முக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. பெஞ்சில் மல்லாந்து படுத்து, டம்பெல்லை இரு கைகளாலும் நெஞ்சுக்கு மேலே பிடித்து, முழங்கையை லேசாக மடக்கி, தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவதுதான் புல்ஓவர்.

பலன் உண்டு. மார்புத் தசை, முதுகின் பக்கவாட்டுத் தசையான லாட்ஸ் இரண்டும் சேர்ந்து இழுக்கின்றன. கை பின்னால் நீளும்போதுதான் பாரம் கனக்கும். கடைவீதியில் மாம்பழக் கூடையைத் தலைமேல் வைத்தால் தாங்கலாம், கை நீட்டிப் பிடித்தால் தாங்குமா? அதே கணக்கு. நெஞ்சுக்கு நேர்மேலே வந்துவிட்டால் தசைக்குக் கிட்டத்தட்ட ஓய்வுதான். அதனால் அங்கே நிற்காமல் மெதுவாக இறக்குங்கள்.

முதலில் புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து பாரத்தை மேலே தள்ளுவது). அப்புறம் இதை 10–12 முறை செய்தால் போதும். தோள் வலி இருந்தால் வேண்டாம்.

இதைச் செய்தால் விலா எலும்புக்கூடு விரியும் என்பார்கள்; வளர்ந்தவர்களுக்கு எலும்பு விரியாது, தசைதான் வளரும்.