டொமைன் பெயர் வாங்கி விற்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளை, வாங்கி விற்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக இதைச் செய்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, கல்லூரியில் படிக்கிறேன். கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. ஐந்தாறு பெயர் வாங்கிப் போட்டால் ஒரு வருடத்தில் லாபம் பார்க்கலாமா?

அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள் தம்பி. நூறு பெயர் வைத்திருப்பவருக்கு வருடத்தில் ஒன்றோ இரண்டோ விற்றால் நல்லது என்பதுதான் இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐந்தாறு பெயர் என்றால் ஒன்றுகூட விற்காமல் பல வருடம் ஓடலாம். ஆனால் புதுப்பிப்புக் கட்டணம் நிற்காது. டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், நமக்குப் பெயர் விற்கும் பதிவாளர்களிடம் ஒரு பெயருக்கு வாங்கும் தொகையே 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாமல், இரண்டாம் வருடம் எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டே பெயரோடு தொடங்குங்கள். வாங்கும் முன் ஒரு தாளை எடுத்து, இந்தப் பெயரைப் பணம் கொடுத்து வாங்கக்கூடிய பத்து தொழில்களை எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தப் பெயர் வேண்டாம்.

வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு விற்றதாமே! அந்த மாதிரி பெயர் இன்னும் கிடைக்குமா?

விற்றது உண்மை. 2019இல் மைக்ரோஸ்ட்ராடஜி நிறுவனம் பிளாக் ஒன் நிறுவனத்துக்கு விற்றது. ஆனால் முதல் டாட் காம் பெயர் 1985இல் பதிவானது. 1995 வரை பதிவுக்குக் கட்டணமே கிடையாது. நல்ல ஒற்றைச் சொற்கள் அப்போதே போய்விட்டன. அந்த விலையை மனதில் வைத்து உங்கள் பெயருக்கு விலை போடாதீர்கள். நேம்பயோ தளத்தில் அதே மாதிரி பெயர்கள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று தேடுங்கள். தானாக மதிப்புப் போட்டுக் காட்டும் கருவிகளை நான் நம்புவதில்லை.

சார், இரண்டு பெரிய கம்பெனிகள் இணையப் போவதாகச் செய்தி வருகிறது. இரண்டு பெயரையும் சேர்த்து முதலில் நாம் பதிவு செய்துவிட்டால்?

தயவுசெய்து வேண்டாம். ஜியோஹாட்ஸ்டார் விஷயம் நினைவிருக்கும். ரிலையன்ஸின் ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையும் என்று எண்ணி, டெல்லி இளைஞர் ஒருவர் அந்த டாட் காம் பெயரை முன்கூட்டியே எடுத்து வைத்தார். 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜ் படிப்புக்குப் பணம் தந்தால் பெயரைத் தருகிறேன் என்று அந்தத் தளத்திலேயே எழுதினார். ரிலையன்ஸ் தரப்பு மறுத்துவிட்டதாகப் பிறகு அவரே தெரிவித்தார்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு, பெயர்த் தகராறுகளுக்காக 1999இல் கொண்டுவந்த யுடிஆர்பி விதிப்படி வணிகச் சின்னத்தின் உரிமையாளர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: பெயர் தன் சின்னத்தோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில் பதிவு செய்து பயன்படுத்துகிறீர்கள். அவருக்கே விற்கும் நோக்கத்தோடு எடுத்திருந்தால் அதுவே கெட்ட எண்ணத்துக்குச் சான்று. இந்த வழக்குகளை எடுத்து நடத்தும் ஐ.நா. அமைப்பான வைப்போவில் ஒரே நடுவர் வழக்குக்குக் கட்டணம் 1,500 டாலர்தான். பெரிய நிறுவனத்துக்கு அது பணமே இல்லை. நம் உச்ச நீதிமன்றமும் சிஃபி வழக்கில் 2004லேயே டொமைன் பெயருக்கு வணிகச் சின்னம் போன்ற பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. இந்தியாவின் டாட் இன் பெயருக்கும் இதே போன்ற தனி விதி இருக்கிறது. அதற்குப் பதிலாக ஊர்ப் பெயர், தொழிலின் பெயர், பொருளின் பொதுப்பெயர் இவற்றில் தேடுங்கள். அதில் தூக்கம் கெடாது.

டாட் ஏஐ பெயர் இப்போது வாங்கலாமா?

அது அங்குவிலா என்ற சின்னஞ்சிறு கரீபியன் தீவின் நாட்டுக் குறியீடு. செயற்கை நுண்ணறிவு அலையில் 2023இல் மட்டும் அந்தத் தீவு அரசுக்கு இதிலிருந்து சுமார் 3.2 கோடி டாலர் வந்தது. குறைந்தது இரண்டு வருடத்துக்குச் சேர்த்தே பதிய வேண்டும், டாட் காமைவிடப் பல மடங்கு விலை. கையில் பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்குச் சரி, தொடக்கத்தில் வேண்டாம்.

ஒருவர் புதுப்பிக்காமல் விட்ட பெயரை எப்படிப் பிடிப்பது?

டாட் காமில் காலாவதியான மறுநாளே பெயர் வெளியே வராது. முதலில் சலுகைக் காலம், அது 45 நாள் வரை போகலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம். உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். கடைசி 5 நாள் யாரும் தொட முடியாது. அப்புறம்தான் பொதுவில் வரும். நல்ல பெயர்கள் அதுவரை வருவதே அபூர்வம், பதிவாளர்களே முன்னதாக ஏலம் விட்டுவிடுகிறார்கள். ஏலத்தில் கேட்கும் முன், இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களைப் பாருங்கள். சூதாட்டத் தளமாக இருந்த பெயரை வாங்கினால் அந்தக் கெட்ட பெயரும் கூடவே வரும்.

சும்மா இருக்கும் பெயரில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாமா?

இதைப் பார்க்கிங் என்பார்கள். அந்த வருமானம் முன்பே மெலிந்துவிட்டது. 2025இல் கூகுள், விளம்பரதாரர் தாமாகக் கேட்டாலொழிய இப்படிப்பட்ட பக்கங்களில் விளம்பரம் காட்டாது என்று மாற்றியது. இதை நம்ப வேண்டாம்.

என் பெயரை ஒருவர் மின்னஞ்சலில் நல்ல விலைக்குக் கேட்கிறார். மதிப்புச் சான்றிதழ் ஒன்று வாங்கி அனுப்பச் சொல்கிறார். இது மோசடி என்று அக்கா ஒருவர் எச்சரித்தார். என்ன செய்ய?

எச்சரித்தவர் சரியாகச் சொன்னார், அது பழைய மோசடி. சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் பணம்தான் அவர்கள் குறி. கட்டியதும் ஆள் காணாமல் போவார். உண்மையில் வாங்குபவர் உங்களைச் செலவு செய்யச் சொல்ல மாட்டார். பெயர் கைமாறும் வரை பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் எஸ்க்ரோ டாட் காம் போன்ற இடைநிலைச் சேவை வழியாக வரச் சொல்லுங்கள். அந்தத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், அவர் அனுப்பும் இணைப்பை அழுத்தாதீர்கள். அந்தச் சேவையிடம் பணம் வந்து சேர்ந்துவிட்டதை அங்கே உங்கள் கணக்கில் நுழைந்து பார்த்த பிறகே, பெயர் இடம் மாறாமல் பதிவாளரிடம் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, பெயரை மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைக் கொடுங்கள்.