எஸ்எம்எஸ்ஸும் சாட்டும் ஒரே ஆப்பில் வருமா?

வாசகர் கேள்வி: "ஒரே ஆள் அனுப்பும் செய்தி ஒரு நாள் எஸ்எம்எஸ்ஸில் வருகிறது, மறுநாள் வாட்ஸ்அப்பில் வருகிறது. பழைய விஷயத்தைத் தேடும்போது எதில் சொன்னார் என்றே ஞாபகம் வருவதில்லை. என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு, இரண்டு சிம். வீட்டில் மற்றவர்களிடம் ஐபோன். எஸ்எம்எஸ்ஸையும் இன்டர்நெட் சாட்டையும் ஒரே ஆப்பில் வைத்துக்கொள்ள வழி உண்டா? அப்படி வைத்தால் எஸ்எம்எஸ் செலவு எகிறுமா? பாதுகாப்பு எப்படி?"

பாதிக்கு வழி உண்டு, மீதிக்குக் கிடையாது. வாட்ஸ்அப்பையும் எஸ்எம்எஸ்ஸையும் ஒரே பெட்டியில் கொட்டித் தருகிற, நம்பிப் பயன்படுத்தக்கூடிய ஆப் எதுவும் இல்லை, அதைத் தேடிப் பொழுதைப் போக்க வேண்டாம். ஆனால் உங்கள் போனோடு வந்த மெசேஜஸ் ஆப்பிலேயே சாட் வசதி இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களில் பாதிப் பேரை அதற்குள்ளேயே சாட்டுக்கு மாற்றிவிடலாம். செலவைப் பற்றிக் கேட்டீர்கள், அது ஒரே ஒரு ஸ்விட்ச்சைப் பொறுத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இரண்டும் ஏன் ஒட்டாமல் நிற்கின்றன என்று பார்த்துவிடலாம். எஸ்எம்எஸ்ஸுக்கு இன்டர்நெட்டே தேவையில்லை. கால் வருவதை உங்கள் போனுக்குச் சொல்ல நெட்வொர்க் பயன்படுத்தும் சிக்னல் வழியிலேயே அதுவும் தொற்றிக்கொண்டு போகிறது. அதனால்தான் டேட்டா தீர்ந்துபோனாலும், சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டினாலும் எஸ்எம்எஸ் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். அந்த வழி குறுகலானது, ஒரு செய்திக்கு 140 பைட்தான் இடம். ஆங்கிலமாக இருந்தால் 160 எழுத்து. தமிழ் என்றால் 70தான், அதுவும் நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துக் கணக்கு இல்லை. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. போன் அதை ஏழாக எண்ணும், ஏனென்றால் புள்ளிகள் இரண்டும் தனித்தனிக் குறியீடு. கொம்பு, கால், சுழி எல்லாமே இப்படித்தான்.

ஒரு சாதாரணச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: "ரயில் ரெண்டு மணி நேரம் லேட். நீங்க சாப்பிட்டுட்டுப் படுங்க, நான் வந்து கதவைத் தட்டுறேன்". பன்னிரண்டே சொல். இதில் 'வந்து' என்று முடிக்கும் இடத்திலேயே 70 நிரம்பிவிடுகிறது, மொத்தம் 87. ஆக இது இரண்டு எஸ்எம்எஸ். ஒன்றுக்கு மேல் போனால் துண்டுகளைக் கோக்கவும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டும் 67 ஆகச் சுருங்கும். சுத்தமான ஆங்கிலச் செய்தியின் கடைசியில் ஒரே ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டாலும் போதும், முழுச் செய்தியும் 160 கணக்கிலிருந்து 70 கணக்குக்கு இறங்கிவிடும். சாட்டில் இந்தத் தொல்லையே இல்லை, பக்கம் பக்கமாக எழுதலாம். சாட்டுக்கென்று எழுதியது தானாக எஸ்எம்எஸ்ஸாக மாறிப் போகிற இடத்தில்தான் பில் ஏறுகிறது.

சரி, உங்கள் ஆண்ட்ராய்டில் செய்ய வேண்டியது. கூகுள் மெசேஜஸ் ஆப்பைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் போனால் 'ஆர்சிஎஸ் சாட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். இரண்டு சிம் என்பதால் எந்த நம்பரில் அது ஆன் ஆகிறது என்பதையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆர்சிஎஸ் என்பது எஸ்எம்எஸ்ஸின் இடத்துக்கு வருவதற்காக மொபைல் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ வளர்த்தெடுத்த தரம். பல வருடம் ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்து இழுத்தடித்து, 2016-இல் ஒரு பொதுவடிவம் வந்தது. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 மூலம் ஆப்பிளும் சேர்ந்துகொண்டது. ஆகவே உங்கள் வீட்டு ஐபோன்களிலும் செட்டிங்ஸில் மெசேஜஸ் பகுதிக்குப் போய் ஆர்சிஎஸ்ஸை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஐஓஎஸ் 18 இருந்தும் அந்த விருப்பமே அங்கே தெரியவில்லை என்றால் அவர்களுடைய மொபைல் நிறுவனம் அதை ஐபோனுக்குத் திறந்துவிடவில்லை என்று அர்த்தம், நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இதற்குப் பிறகு ஒரு பழக்கம் வேண்டும்: தட்டச்சு செய்யும் பெட்டியைப் பார்ப்பது. நீங்கள் எதையும் எழுதாதபோது அந்தப் பெட்டிக்குள் மங்கலாகச் சில சொற்கள் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஆண்ட்ராய்டில் அது ஆர்சிஎஸ் மெசேஜ் என்றோ வெறும் டெக்ஸ்ட் மெசேஜ் என்றோ சொல்லும். ஐபோனில் ஐமெசேஜ் (ஐபோன்களுக்குள் ஓடும் ஆப்பிளின் சொந்த சாட்) என்றோ, டெக்ஸ்ட் மெசேஜ் என்று போட்டு பக்கத்தில் ஆர்சிஎஸ் அல்லது எஸ்எம்எஸ் என்றோ இருக்கும். அடுத்து அனுப்பப்போவது எந்த வழியில் போகும் என்பது அதுதான். இன்று ஆர்சிஎஸ் என்று இருந்தவர் நாளை டேட்டாவை அணைத்துவிட்டால், அல்லது வேறு போனுக்கு மாறிவிட்டால், டெக்ஸ்ட் என்று ஆகிவிடலாம். ஐபோன்காரர்கள் நீலம், பச்சை என்று நிறத்தை வைத்துச் சண்டை போடுவார்கள். நீலம் என்றால் ஐமெசேஜ், ஆனால் பச்சைக்குள் எஸ்எம்எஸ்ஸும் உண்டு ஆர்சிஎஸ்ஸும் உண்டு. எனவே நிறத்தைப் பார்க்காதீர்கள், சொல்லைப் பாருங்கள்.

இப்போது அந்த ஸ்விட்ச். சாட்டாக அனுப்பியது போய்ச் சேரவில்லை என்றால் அதையே எஸ்எம்எஸ்ஸாகத் தானாக மறுபடி அனுப்பட்டுமா என்று ஒரு விருப்பம் ஆர்சிஎஸ் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. ஐபோனில் மெசேஜஸ் செட்டிங்ஸில் 'சென்ட் ஆஸ் டெக்ஸ்ட் மெசேஜ்' என்ற பெயரில். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டையும் ஒன்றாக்குவதில் வரும் வம்பு முக்கால்வாசி இங்கேதான் முளைக்கிறது. வெளிநாட்டு நம்பருக்கு சாட் என்று நினைத்து நீளமாகத் தமிழில் எழுதி அனுப்புகிறீர்கள், அவர் விமானத்தில் இருக்கிறார், ஆப் பொறுமை இழந்து அதை ஐந்து துண்டு சர்வதேச எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிவிடுகிறது. குழுவாக இருந்தால் எம்எம்எஸ்ஸாகவும் (படத்துக்கும் குழுவுக்கும் பயன்படும் எஸ்எம்எஸ் வகை) போகலாம். செலவு ஒரு பக்கம். பூட்டிய வழியில் போவதாக நினைத்து எழுதியது திறந்த வழியில் போவது இன்னொரு பக்கம், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. உங்கள் திட்டத்தில் எஸ்எம்எஸ் இலவசமாகவே இருந்தாலும் இதை ஆஃப் செய்து வையுங்கள். போகாத செய்தியை அழுத்திப் பிடித்தால் எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும் வழி எப்படியும் கிடைக்கும். முடிவு உங்களுடையதாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பூட்டு என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாதபடி செய்வதுதான் அது, முழு மறையாக்கம் என்பார்கள். எஸ்எம்எஸ்ஸுக்குப் பூட்டே கிடையாது, மொபைல் நிறுவனத்தின் கணினி வழியாக உள்ளடக்கம் அப்படியே போகும். ஐமெசேஜுக்கு உண்டு. இரு பக்கமும் கூகுள் மெசேஜஸ், இரு பக்கமும் ஆர்சிஎஸ் என்றால் அங்கேயும் உண்டு, சின்னப் பூட்டுப் படமும் தெரியும். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் நடுவில்தான் கதை வேறு: ஐஓஎஸ் 18-இல் ஆர்சிஎஸ் வந்தபோது அதில் முழு மறையாக்கம் இல்லை. 2025 மார்ச்சில்தான் அதற்கான விதியைப் பொதுத் தரத்தில் சேர்த்தார்கள். அது உங்கள் இரு போனுக்கும், இரு மொபைல் நிறுவனத்துக்கும் வந்து சேர்ந்தால்தான் பயன். பூட்டுப் படம் தெரியாதவரை அந்த உரையாடலை எஸ்எம்எஸ் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல், அடையாள அட்டைப் படம் எதுவும் அதில் வேண்டாம்.

"வாட்ஸ்அப் மாதிரி ஒரு ஆப் எஸ்எம்எஸ்ஸையும் சேர்த்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். காட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஒருவர் பின் ஒருவராக விலகிவிட்டார்கள். பாம் நிறுவனம் 2009-இலேயே தன் வெப்ஓஎஸ் போனில் ஒருவருடைய எஸ்எம்எஸ்ஸையும் சாட்டையும் ஒரே உரையாடலாகக் கோத்துக் காட்டியது, அழகான வேலை அது, போன் விற்கவில்லை என்பது வேறு விஷயம். கூகுள் 2013-இல் ஹேங்அவுட்ஸுக்குள் எஸ்எம்எஸ்ஸைக் கொண்டுவந்து, அப்புறம் இரண்டையும் ஒரே உரையாடலாகக் கலந்து, 2016-இல் அந்தக் கலவையைப் பிரித்து, 2017 மே மாதம் பெரும்பாலோருக்கு எஸ்எம்எஸ்ஸையே எடுத்துவிட்டது. ஃபேஸ்புக் மெசஞ்சர் ஆண்ட்ராய்டில் 2016-இல் சேர்த்தது, 2023 செப்டம்பரில் கைவிட்டது.

இதில் சிக்னல் என்ற சாட் ஆப்பின் கதைதான் கவனிக்க வேண்டியது. அந்த ஆப் பிறந்ததே டெக்ஸ்ட்செக்யூர் என்ற பெயரில் எஸ்எம்எஸ் ஆப்பாகத்தான். அப்படிப்பட்டதே 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சொன்ன காரணங்கள் மூன்று: எஸ்எம்எஸ் பாதுகாப்பில்லாதது, சிக்னல் செய்தி என்று நினைத்து எஸ்எம்எஸ் அனுப்பியவர்களுக்கு பில் வந்து நிற்கிறது, எது எந்த வகை என்பதை எத்தனை விதமாகக் காட்டினாலும் குழப்பம் தீரவில்லை. நிறைய பேர் அப்போது கோபப்பட்டார்கள். என் அபிப்பிராயத்தில் சிக்னல் செய்தது சரி. வருகிற செய்திகளை ஒரே இடத்தில் பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை, போகிற செய்திக்கு வழியை ஆப் தேர்ந்தெடுப்பதில்தான் தப்பு. ஒரே ஆப் என்றாலே இரண்டும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

இன்னொரு காரணம் போனுக்குள்ளேயே இருக்கிறது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், டிஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப் என்று ஒன்றுக்குத்தான் செய்திப் பெட்டியில் எழுதவும் அழிக்கவும் உரிமை. ஐபோனில் வெளி ஆப் எதுவும் உங்கள் எஸ்எம்எஸ் பெட்டியைத் தொடவே முடியாது. அதனால் பிளே ஸ்டோரில் 'ஆல் இன் ஒன் மெசஞ்சர்' என்ற வகையில் கிடைப்பவற்றைத் தொடாதீர்கள். பாதி, வாட்ஸ்அப்பின் வெப் பக்கத்தை உள்ளே திறந்து காட்டுகிற வெறும் சட்டகம்தான். டிஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப்பாக ஆக்கச் சொல்லிக் கேட்பவை இன்னும் மோசம், ஏனென்றால் அதற்கு 'சரி' சொன்ன நொடியிலிருந்து உங்கள் வங்கி ஓடிபி ஒவ்வொன்றையும் அந்த ஆப் படிக்கும். எழுதியது யார் என்றே தெரியாத ஆப்புக்கு அந்த உரிமையைக் கொடுப்பதற்கு இரண்டு ஆப்பைத் திறந்து பார்க்கிற சிரமம் எவ்வளவோ தேவலை.

பீப்பர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பல சாட் கணக்குகளை ஒரே பெட்டியில் காட்டும், வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2024-இல் அதை வாங்கியது. கெட்ட ஆப் இல்லை. ஆனால் அது இணைகிற நிறுவனங்கள் எல்லாம் அதை விரும்பி அனுமதித்தவை அல்ல. 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டில் ஐமெசேஜ் தருவதாக பீப்பர் மினி வந்தது, சில நாளில் ஆப்பிள் அடைத்தது, இவர்கள் திறந்தார்கள், அவர்கள் மறுபடி அடைத்தார்கள், கடைசியில் இவர்கள்தான் ஓய்ந்தார்கள். கணக்குகள் பத்துப் பதினைந்து வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்கு அது ஓகே. உங்களுக்குத் தேவையில்லை. ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் வாட்ஸ்அப் மற்ற சாட் ஆப்களுக்குக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது, ஆனால் அங்கேயும் பேச்சு சாட்டுக்கும் சாட்டுக்கும் நடுவில்தான், எஸ்எம்எஸ் அதில் இல்லை.

அப்படியானால் வாட்ஸ்அப் செய்திகளை என்ன செய்வது? உங்களுக்கு உண்மையில் வேண்டியது ஒரே ஆப் இல்லை, ஒரே இடத்தில் கண்ணில் படுவது. அது ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே இருக்கிறது. மேலிருந்து திரையை இழுத்தால் நோட்டிபிகேஷன்களில் 'கான்வர்சேஷன்ஸ்' என்று ஒரு பகுதி முதலில் வரும். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாம் ஆள்வாரியாக அங்கேதான் அடுக்கப்படும், அங்கிருந்தே பதிலும் போடலாம், வந்த வழியிலேயே அது திரும்பிப் போகும். முக்கியமானவரின் நோட்டிபிகேஷனை அழுத்திப் பிடித்து 'பிரையாரிட்டி' என்று வைத்தால் அவர் எந்த ஆப்பில் எழுதினாலும் மேலே நிற்பார், ஒவ்வொரு ஆப்புக்கும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். பழையதைத் தேடுவதற்கு மட்டும் இது உதவாது. அதற்கு யாரோடு எதில் பேசுவது என்று நீங்களே பிரித்துக்கொள்வதுதான் வழி: வாட்ஸ்அப் வைத்திருப்பவரோடு வாட்ஸ்அப் மட்டும், மற்றவர்களோடு மெசேஜஸ் மட்டும். வங்கி, டெலிவரி, ஓடிபி எல்லாம் எப்படியும் மெசேஜஸில்தான் வரும், அங்கேயே கிடக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டில் யாராவது ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு வந்தால், பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றுவதற்கு முன்னால் ஐமெசேஜை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்புவது இன்னும் அந்தப் பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும், இவருக்கு ஒன்றும் வராது, அனுப்பியவருக்குப் போனதாகவே தோன்றும். சிம்மைக் கழற்றிவிட்டார்கள் என்றாலும் வழி உண்டு: நம்பரை ஐமெசேஜிலிருந்து விடுவிக்க ஆப்பிளின் தளத்தில் 2014 முதல் ஒரு பக்கம் இருக்கிறது, நம்பரைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீட்டு எண் வரும், அதைப் போட்டால் முடிந்தது. ஆர்சிஎஸ்ஸுக்கும் இதே மாதிரி கூகுளிடம் ஒரு பக்கம் உண்டு, ஆண்ட்ராய்டு போன் தொலைந்துவிட்டாலோ உடைந்துவிட்டாலோ அதைப் பயன்படுத்துங்கள்.