மஞ்சள் காளானுக்கு மருந்து வேண்டாம்

தொட்டியில் மஞ்சள் குடைக்காளான் முளைக்கிறது, பூஞ்சைக்கொல்லி இரண்டு முறை ஊற்றியும் திரும்ப வருகிறது, செடி செத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாகாது. மேலே தெரியும் குடை, காளானின் பழம் மாதிரி; நீங்கள் பிடுங்குவது அதை மட்டும்தான். அதன் மரம், அதாவது காளானின் உடல், மண்ணுக்குள் வெள்ளை நூலாகப் பரவிக் கிடக்கிறது. அந்த நூல்கள் நொதிகளை வெளியே சுரந்து, மண்கலவையில் உள்ள மட்கும் இலை, மரத்தூள், நார் எல்லாவற்றையும் அங்கேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். உயிருள்ள வேரைத் தொடாது. அது சிதைத்ததில் விடுபடும் தழைச்சத்தில் செடிக்கும் பங்கு உண்டு. மேலே ஊற்றும் மருந்து ஆழத்திலுள்ள நூல்களை எட்டுவதும் அரிது, வீண் செலவு.

கண்ணை உறுத்தினால், குடை விரியும் முன்பே காம்போடு திருகி எடுங்கள். விரிந்துவிட்டால் அடியிலுள்ள மடிப்புகளிலிருந்து வித்துத்தூள் கொட்டி, பக்கத்துத் தொட்டிக்கும் போகும். மேல்மண் 3 செ.மீ. காய்ந்த பிறகே தண்ணீர். அடித்தட்டில் நீர் தேங்கக் கூடாது. மேல்மண்ணை மாற்றினால் குறையும், ஒழியாது.

இது தின்னும் காளான் அல்ல, வயிற்றைக் கெடுக்கும். குழந்தையோ நாய், பூனையோ எட்டும் இடமென்றால் பார்த்தவுடன் பிடுங்கிவிடுங்கள்.

இலை வாடினால் காளான்மேல் பழி போடாமல் வேரை எடுத்துப் பாருங்கள். பழுப்பாகக் குழைந்திருந்தால் அது வேரழுகல். அதற்கு வைத்தியமே வேறு.