வாசகர் கேள்வி: 4,29,49,67,297 ஏன் பகா எண் இல்லை?

கேள்வி: 4,29,49,67,297 என்ற எண்ணை ஃபெர்மா போன்ற கணித மேதையே பகா எண் என்று நம்பியிருந்தாராம். இந்த 10 இலக்க எண்ணில் அப்படி என்ன சிறப்பு இருக்கிறது? கணிப்பொறி இல்லாத காலத்தில் அதன் காரணியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் இந்த எண் கிடைக்கும். 2-ஐயும், அதைத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி வரும் 4, 16, 256, 65536 ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட ஃபெர்மா, வரிசையில் அடுத்து வருபவையும் அவ்வாறே இருக்கும் என்று கருதினார். நீங்கள் கேட்டிருப்பது ஆறாவது எண். அதிலேயே அந்தக் கருத்து பொய்த்துவிட்டது. 641 × 67,00,417 என்று அது பிரிவதை 1732-இல் கணித மேதை ஆய்லர் காட்டினார்.

ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால், இந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65536-க்குள், 6,542 பகா எண்கள் இருக்கின்றன. ஆய்லர் அந்த வழியில் போகவில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று அவர் நிறுவியதால், 193, 257, 449, 577 ஆகியவற்றை அடுத்து ஐந்தாவதாகவே 641 வந்துவிடுகிறது. ஆய்லருடைய வாதத்துக்கு அடிப்படையாக இருப்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம்தான் (p என்ற பகா எண்ணால் வகுபடாத எந்த முழு எண்ணையும் p − 1 ஆம் அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்) என்பது, என் பார்வையில், இந்தக் கதையின் மிக வியப்பான பகுதி.

641 மீதியின்றி வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமலே சரிபார்க்கலாம். 5 × 2⁷ = 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு; எனவே 641-ஐப் பொறுத்தவரை அதன் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1 ஆகும். 5⁴ = 625 = 641 − 2⁴ என்பதால், 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ என்று இடலாம். அப்போது −2³² என்பதன் மீதி 1 என்றாகிறது. அதாவது 2³² + 1 என்பது 641-ஆல் மீதியின்றி வகுபடும்.

இன்னொரு சான்றும் உண்டு. எந்தப் பகா எண்ணையும் இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு வழிக்கு மேல் எழுத முடியாது. நம் எண்ணோ 65536² + 1² ஆகவும், 62264² + 20449² ஆகவும் அமைகிறது. (20449 என்பதே 143-இன் வர்க்கம் என்பது ஓர் அழகான தற்செயல்.) காரணிகள் எவை என்று தெரியாவிட்டாலும், அது பகு எண் என்று தீர்மானிக்க இதுவே போதும்.

4,29,49,67,297-ஐவிட 2 குறைவான 4,29,49,67,295 என்பது, வரிசையின் முதல் ஐந்து எண்களான 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றின் பெருக்கற்பலனாகும். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையக்கூடிய, ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்களை உடைய ஒழுங்குப் பலகோணங்களில், இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கை இதுதான். இந்த வரிசையில் இன்னொரு பகா எண், அதாவது ஆறாவது ஃபெர்மா பகா எண், கிடைத்தால் மட்டுமே இந்த நிலை மாறும்.